பலகையில் ஒட்டிய பங்குப் பத்திரம்

நான் எழுதிப் பழகியவன் அல்ல. வேலை பார்த்த காலமெல்லாம் நான் எழுதியது மற்றவர்களின் பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண், பங்கு எண்ணிக்கை மட்டும்தான். அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பும் கோலா சிலாங்கூர் ஆங்கிலப் பள்ளியில் நாலு வகுப்பும் படித்தவன் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் தேவி வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இப்போது உட்காருபவள். கையில் ஏதோ ஒரு கம்பெனியின் சுற்றறிக்கை.

"அங்கிள், வெளிநாட்டுக்காரன் முழுசா வாங்கிக்கிறேன்னு சொல்றான். பெரிய பங்குக்காரங்க எல்லாம் ஓகே சொல்லியாச்சு. சின்னவங்க ஓட்டு சும்மா பேருக்குத்தானே லா?" என்று கேட்டாள்.

காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் கேள்விக்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின்போது நான் ஓர் ஈயக் கம்பெனியில் பங்குப் பதிவேட்டுக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஈயச் சுரங்கம் ராசா என்ற ஊர்ப் பக்கம் இருந்தது. கம்பெனியைத் தொடங்கியவர்கள் கோலா சிலாங்கூர் வியாபாரிகள் என்பதால் பதிவு அலுவலகம் அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. மூன்று மேசை, ஓர் இரும்பு அலமாரி, கீழே காதர் பாயின் சாப்பாட்டுக் கடை. சின்னக் கம்பெனிதான். ஆனாலும் எங்கள் பங்கின் விலை தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு வரியாக வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் காதர் பாய் அடுப்புப் பக்கம் போவார்.

செயலாளர் சிற்றம்பலம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசை மேல் கிடக்கும் மரக்கோலை நேராக வைப்பார். மிகுந்த கோபம் வந்தால், ஏற்கெனவே நேராக இருக்கும் கோலை இன்னும் நேராக வைப்பார்.

பயிற்சி இரண்டு வருடம். அதில் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பங்கு கை மாற என்னென்ன வேண்டும் என்பதை மனப்பாடம் ஆகும் வரை சொல்லவைத்தார்: மாற்றுப் படிவம், கொடுப்பவர் கையெழுத்து, பெறுபவர் கையெழுத்து, சாட்சி, முத்திரைத் தலை, பழைய பத்திரம். ஒருமுறை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு மாற்றத்தைப் பதிந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. சரியான கையெழுத்தை என் முன்னால் வைத்து, "பாரும்" என்றார். சாப்பாட்டு நேரம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தப்பை நான் செய்ததில்லை.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்று: "பங்குதாரர் கேட்டால் சொல்லும். கேக்காட்டில் சொல்லாதையும். நாங்கள் ஒருத்தற்ற பக்கமும் இல்லை. விளங்குதே?"

பெயரை நான் இங்கே சொல்ல விரும்பாத ஓர் அயல்நாட்டுக் கம்பெனி எங்களை வாங்க வந்தது நான் சேர்ந்த நாலாம் வருடம். எல்லாப் பங்கையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வது, எடுத்த பிறகு ராசாவில் சுரங்கக் குளத்தில் மிதந்து ஈய மண் வாரும் கப்பலை நிறுத்திவிட்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொள்வது. அதுதான் அவர்கள் திட்டம். இயக்குநர்களில் பெரும்பாலோர் சம்மதித்துவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி பங்குதாரர் கூட்டம் ஒன்று கூட்டி ஓட்டெடுக்க வேண்டும். ஓட்டில் திட்டம் ஜெயித்துவிட்டால், வேண்டாம் என்று சொன்னவரின் பங்கும் சேர்ந்தே போய்விடும். வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் வழி கிடையாது.

அறிவிப்பை நான்தான் ரோனியோ நகல் இயந்திரத்தில் சுற்றி எடுத்து எல்லாருக்கும் தபாலில் அனுப்பினேன். மறுவாரம் காதர் பாய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். விரலில் மீன்கறி வாசம்.

"தம்பி, எம் பொண்ணு மூணு பேருக்கும் சேத்து வச்ச பங்கு இது. புடுங்கிக்குவாங்களா?"

"ஓட்டுல ஜெயிச்சா போயிடும், பாய்."

"பெரிய பங்கெல்லாம் அவங்க கையில. எப்படி ஜெயிக்காம போவும்?"

சிற்றம்பலம் ஐயா நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பாய் கேட்டுவிட்டார், எனவே நான் சொல்லலாம். அறிவிப்பின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"ரெண்டு கணக்கு இருக்கு பாய். பங்குக் கணக்குல நாலுல மூணு பாகம் அவங்களுக்கு வேணும். அது கிடைச்சிடும். ஆனா தலைக்கணக்குலயும் பாதிக்கு மேல வேணும். ஓட்டுப் போடறவங்கள்ல ஆயிரம் பங்கு வச்சிருந்தாலும் ஒரு தலை, பத்துப் பங்கு வச்சிருந்தாலும் ஒரு தலை. ரெண்டுல ஒண்ணு தோத்தாலும் திட்டம் தோத்துடும்."

பாய் முகம் மாறியது. "தலைதானே? வீராசாமி மண்டோர் தோட்டத்துல மட்டும் முப்பத்தேழு தலை இருக்கே!"

"புத்தகத்துல ஒரு தலைதான் பாய்."

ஜப்பான்காரன் போன பிறகு, மூழ்கிக் கிடந்த கப்பலைத் தூக்கிச் சரிசெய்யக் கம்பெனி புதுப் பங்குகளை விற்றது. பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரே லயத்து வரிசைவீட்டு ஆட்கள் முப்பத்தேழு பேர் கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். எழுதத் தெரிந்தவர் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர்தான் என்று மொத்தத்தையும் அவர் பெயரில் போட்டுவிட்டார்கள். நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் மற்ற முப்பத்தாறு பேரும் இல்லவே இல்லை.

"பிரிச்சு எழுத முடியாதா?"

"முடியும். பதிவேடு வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூடிடுவோம். அதுக்குள்ள வந்து சேரணும்."

மண்டோர் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தபோது பாய் அவரைப் பிடித்துவிட்டார். திங்கட்கிழமையே படிவமும், நிரப்பிக்கொடுக்க ஆளும் கேட்டு மண்டோரிடமிருந்து கடிதம் வந்தது. செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். "பங்குதாரர் எழுத்தில கேட்டிருக்கிறார். போய் நிரப்பிக் குடும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். என்னிடம் நாற்பது படிவங்கள் இருந்தன. அலுவலகத்தில் இருந்ததே அவ்வளவுதான். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. அந்தக் காலத்தில் ஆட்களைக் கூட்டிக் கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும். எழுதிப் போட்டால் வர ஒரு வாரம். அனுமதியே கேட்காமல் எல்லாரும் ஒழுங்காக வந்து நிற்கும் வரிசை தோட்டத்தில் ஒன்று உண்டு. மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும் வரிசை. நிறுவை தாமதமாகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு தோட்ட மேனேஜர் தொரை சம்மதித்தார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு மண்டோரையும் என்னையும் உட்கார வைத்தார்கள். நிறுவைக் கிராணி சாட்சி.

அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரிதான் வரிசையில் முதல் ஆள். நாற்பது வயது இருக்கும். வாளியைத் தராசில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா கிராணி, தலைய தூக்கி ஒரு வார்த்த பேச மாட்டீங்களா? பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி குந்தியிருக்கீங்க!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் அவள் கட்டைவிரலை மையில் அழுத்திப் படிவத்தில் வைத்தேன். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை. இன்னொரு ஆளிடம் முயன்றேன், அதுவும் அப்படியே. நாலு படிவம் வீணான பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் விரல்களில் ரப்பர் பால் காய்ந்து மெல்லிய தோலாக ஒட்டியிருந்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். மாடியில் உட்கார்ந்து மறந்துபோயிருந்தேன். கையில் மிச்சம் சரியாக முப்பத்தாறு படிவம்.

அஞ்சலை மண்ணெண்ணெய்த் துணியை வாங்கிக் கட்டைவிரலைத் தேய்த்து, பாம்புச் சட்டை மாதிரி அந்தத் தோலை உரித்துப் போட்டாள். "வெரல உரிச்சுக்கிட்டு வாங்கடி எல்லாரும்! கிராணிகிட்ட கடுதாசி கம்மியாம்!"

ரேகை பளிச்சென்று விழுந்தது. இனி மண்டோர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

"தம்பி, இதுக்கப்புறம் கம்பெனி கடுதாசி யாருக்கு வரும்?"

"எல்லாருக்கும் வரும்ங்க."

"அதே நீட்டு உறையா?"

"அதே உறைதான்."

வருடா வருடம் டைப் அடித்த பெயரோடு மண்டோருக்கு ஒரு பழுப்பு உறை வரும். அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு வாரம் வைத்துக்கொண்டு திரிவாராம். தோட்டத்தில் வேறு எவருக்கும் அப்படி ஓர் உறை வந்ததில்லை.

"போன வாரம் ஒரு புரோக்கர் மோட்டார் காடி போட்டுக்கிட்டு வந்தான்" என்றார் மெதுவாக. "ஒம் பேர்லதானே இருக்கு, யாரையும் கேக்க வேணாம், ஒரே கையெழுத்து, வெலைக்கு மேலயே போட்டுத் தர்றேன்னான்."

நிறுவைக் கிராணி கூட எடையைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"நீங்க என்னா சொன்னீங்க மண்டோரே?" அஞ்சலை கேட்டாள்.

"ரோசன பண்ணிச் சொல்றேன்னேன்."

"பண்ணிட்டீங்களா?"

மண்டோர் அவளைப் பார்த்தார். அவள் பின்னால் வாளியோடு நின்ற வரிசையைப் பார்த்தார். "பண்ணிட்டேன் புள்ள. அதனாலதான் சந்தையில பாய் சொன்னதும் கடுதாசி போட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தாறு முறை. இருபதுக்கு மேல் கையை உதறிக்கொண்டார். "முப்பத்தாறு பேர வெரட்டுறப்ப வாய் வலிச்சதில்லையே, இப்ப கை வலிக்குதாக்கும்?" என்று அஞ்சலை போகிற போக்கில் கேட்டாள்.

எல்லாம் முடிந்து, "பத்திரத்தைக் குடுங்க" என்றேன்.

"சாமிகிட்ட இருக்கு."

கோயிலுக்குக் கூட்டிப்போனார். மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் பங்குப் பத்திரம் தொங்கியது. சுருண்டுவிடக் கூடாது என்று கஞ்சிப் பசை தடவிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாலு மூலையிலும் சந்தனம். காய்ந்த மாலை. வாரா வாரம் வைத்து வைத்துத் தடித்துப்போன குங்குமப் பொட்டு ஒன்று பத்திர எண்ணின் மேலேயே உட்கார்ந்திருந்தது. லட்சுமி கடாட்சம் என்று செய்திருக்கிறார்கள்.

பலகையைப் பேப்பரில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கம்போங் குவாந்தான் பக்கம் சோதனைச் சாவடி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறேனோ என்று போலீஸ்காரர் பேப்பரைப் பிரித்தார். மாலையையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, எந்தச் சாமி என்று மலாயில் கேட்டார். கம்பெனிப் பங்கு என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே குலுங்கியது.

சிற்றம்பலம் ஐயா சிரிக்கவில்லை. பலகையை மேசை மேல் கிடத்தினார். பெயர் சரி. பங்கு எண்ணிக்கை சரி. கம்பெனி முத்திரை சரி. எண் இருக்கும் இடத்தில் குங்குமம். எண் தெரியாத பத்திரம் சிதைந்த பத்திரம். அதற்குப் பதில் வேறு பத்திரம் வாங்க பத்திரிகையில் விளம்பரம், ஜாமீன், இயக்குநர் சபை ஒப்புதல் என்று மூன்று வாரம் ஆகும். எங்களிடம் இருந்தது மறுநாள் நாலு மணி வரைதான்.

அப்போது தொலைபேசி அடித்தது. விற்கச் சம்மதித்த இயக்குநர்களில் ஒருவர். செய்தி எப்படியோ போயிருக்கிறது.

"ஓம் சேர். பார்த்துக்கொண்டிருக்கிறன் சேர்... சிதைஞ்சதோ இல்லையோ எண்டு பார்த்த பிறகுதான் சொல்லலாம் சேர்... இல்லை சேர். முழுக்காசு கட்டின பங்கு. மறுக்கிறதுக்கு விதியில இடமில்லை." வைத்துவிட்டு மரக்கோலை நேராக வைத்தார். இன்னொரு முறையும் நேராக வைத்தார்.

"ஈரத்துணியால தொடைக்கட்டுமா ஐயா?" என்றேன்.

"அம்மனுக்கு வைச்ச குங்குமத்தை நான் அழிக்க ஏலாது. தொடைக்கேக்க எண்ணும் சேர்ந்து போனால் என்ன செய்வீர்? அடிக்கட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாரும்."

தேவி போன்றவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் இடது பக்கம் ஓர் அடிக்கட்டை; அதே எண்ணோடு புத்தகத்திலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே கொடியும் பூவுமாக ஓர் அச்சு வேலை. பத்திரத்தைக் கொடுக்கும்போது நேராக வெட்ட மாட்டோம். அந்தப் பூவேலையின் நடுவே கத்தரிக்கோலை வளைத்து வளைத்து வெட்டுவோம். ஒரு வெட்டு மாதிரி இன்னொன்று இருக்காது.

மண்டோரின் பெயர் உள்ள அடிக்கட்டையைக் கண்டுபிடித்தேன். ஐயா புத்தகத்தைப் பலகையோடு ஒட்டி வைத்து மெதுவாக நகர்த்தினார். பலகையில் ஒட்டியவர்கள் ஓரத்தை நறுக்கிச் சரிசெய்யாமல் விட்டிருந்தார்கள். அதற்கு இன்றும் அவர்களைக் கும்பிடுவேன். அரைக் கொடி அரைக் கொடியோடு போய்ச் சேர்ந்தது. பாதிப் பூ பாதிப் பூவோடு சேர்ந்தது. மேலிருந்து கீழ் வரை நூலளவு இடைவெளி இல்லை.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து மூன்று முறை பார்த்தார். பிறகு, "இது சிதைஞ்ச பத்திரம் இல்லை. கும்பிட்ட பத்திரம். எழுதும்" என்றார்.

ரத்தான பத்திரம் கோப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. பலகை கோப்புக்குள் நுழையாது. ரத்து முத்திரையைக் குத்தி அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கோப்பில் ஒரு தாள் வைத்து, 'பலகையைப் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். அவர் படிவத்தைச் சரிபார்த்துப் பெயரைச் சொல்வார், நான் பதிவேட்டில் எழுதுவேன். முப்பத்தாறாவது பெயரை எழுதி மை ஒற்றியபோது மூன்றே முக்கால்.

மூன்று வாரம் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரைக்கு ஊர்க் கிளப் மண்டபத்தில் கூட்டம். காதர் பாய் தொழுகை முடிந்து நேராக வந்தார். மண்டோரும் முப்பத்தாறு பேரும் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, துவைத்த துணி உடுத்தி, லோரியில் வந்து இறங்கினார்கள். வாசலில் அடையாளக் கார்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக நான்தான் கோடிட்டேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பின் வரிசையை எண்ணினார்கள் என்று தெரியாது. கூட்டத் தலைவர் நிச்சயம் எண்ணினார்.

எப்படித் தெரியுமென்றால், அவர் விளக்க அறிக்கை முழுவதையும் படிக்கச் சொன்னார். முப்பது பக்கம். வக்கீல் ஒவ்வொரு பத்தியையும் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்; ஒருவர் மலாயில் சொன்னார்; இன்னொருவர் தமிழில் சொன்னார். மூன்றே கால் ஆயிற்று. நாலு ஆயிற்று. ஆறு மணிக்கு ஊரடங்கு. சாவடிகளைத் தாண்டித் தோட்டத்துக் கேட்டுக்குள் போக ஐந்துக்கு முன்னால் லோரி கிளம்ப வேண்டும். ஓட்டுப் போடாமல் கிளம்பினால் முப்பத்தேழு தலையும் போச்சு.

"கிராணி, இந்த ஆளு வாய மூடறதுக்குள்ள தோட்டத்துக் கேட்ட மூடிருவான்" என்றாள் அஞ்சலை, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "ஆறு மணிக்கு மேல ரோட்ல நின்னா சுடுவான். தெரிஞ்சேதான் இழுக்கறாங்க!"

தலைவர் மேசையைத் தட்டினார். வக்கீல் பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

அந்த அறிவிப்பை நூற்றுக்கணக்கில் சுற்றி எடுத்தவன் நான். ஒவ்வொரு தாளிலும் மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தவன். இரண்டாம் பக்கம், கடைசிப் பத்தி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எழுந்தேன். காது அடைத்துக்கொண்டது. அந்த மண்டபத்தின் நடுவே மேடை வரை நடந்தது எப்படி என்று இன்றும் தெரியாது. செயலாளர் முன்னால் அறிவிப்பை வைத்து, அந்த வரியில் விரலை வைத்தேன்.

அவர் படித்தார். மரக்கோல் அங்கே இல்லை. பேனாவை நேராக வைத்தார். எழுந்து நின்றார்.

"தலைவர் அவர்களே, நீதிமன்ற உத்தரவுப்படி வாக்குப்பெட்டி மூன்று மணியில இருந்து திறந்திருக்க வேணும். இப்ப நாலு பத்து. படிக்கிறவர் படிக்கட்டும். வாக்குப் போடுறவை போடட்டும்."

வக்கீல் தலைவரைப் பார்த்தார். தலைவர் தாளைப் பார்த்தார். பெட்டி திறந்தது. அஞ்சலைதான் முதல். லோரி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கிளம்பியது. அதன் பிறகு வக்கீல் பதினெட்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வாங்க வந்தவர்கள் தரப்பில் ஒரு குமாஸ்தா, எங்கள் தரப்பில் நான். இரண்டு பேரும் எண்ணினோம். பங்குக் கணக்கில் அவர்கள் கேட்டதற்கு மேலேயே கிடைத்திருந்தது. தலைக்கணக்கை மூன்று முறை எண்ணினோம். அந்தக் குமாஸ்தா முகம் வெளுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

நான் தாளைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எண்ணினது நீர். நீரே வாசியும்."

வாசித்தேன். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது வரி கேட்டது: தலைக்கணக்கில் வேண்டாம் என்பவர்கள் பத்தொன்பது பேர் அதிகம், திட்டம் நிறைவேறவில்லை.

காதர் பாய் எழுந்தார். கண்ணில் தண்ணீர். "தம்பி, இன்னொரு தடவ சொல்லுப்பா. ரெண்டாம் தடவ கேட்டா இன்னும் நல்லா இருக்கும்."

இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை வாசலில் நின்ற போலீஸ்காரர் வரைக்கும் கேட்டது. என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். சிற்றம்பலம் ஐயா ஒரு நாற்காலியைத் தன் கையால் இழுத்து என் பக்கம் போட்டார். "இரும்" என்றார். மேடையில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராசாவில் கப்பல் அதற்குப் பிறகும் பல வருடம் மண் வாரியது. எல்லாப் பங்குதாரருக்கும் வருடா வருடம் அந்த நீட்டு உறையை நான்தான் அனுப்பினேன். தேவி, உன் சுற்றறிக்கையில் தலைக்கணக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார். இருந்தால், கேட்பவர்களுக்குச் சொல்.

கூட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. காதர் பாய் காலை ஏழு மணி பஸ் கண்டக்டரிடம் முடிவைச் சொல்லி அனுப்பினார். செய்தி போவதற்குள் தோட்டத்தில் எல்லாரும் மரத்துக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் பால் நிறுக்கும்போதுதான் தெரிந்ததாம். எங்களுக்கு அரை நாள் வேலை. பங்கை விற்று மாற்றிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு அலுவலகத்தைப் பூட்டினோம்.